நரி வேட்டை: வலைக்கு வழக்கு, துப்பாக்கிக்கு உரிமம்

2020 ஜூன் மாதம். கேரளத்தில் வெடி வைத்த பழத்தைக் கடித்துக் கருவுற்ற யானை ஒன்று செத்த செய்தி நாடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள், திருச்சிக்கு மேற்கே காவிரிக்கரையில் இருக்கும் ஜீயபுரத்தில், வெடி வைத்த இறைச்சியைக் கடித்து ஒரு நரி செத்தது. நரிக்குறவர் சமூகத்தைச் சேர்ந்த 12 பேர் கைதானார்கள். திருக்காட்டுப்பள்ளியில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தியைப் போட்டுவிட்டு ஒரு கல்லூரி மாணவர் கேட்டார்: "வாயில்லா ஜீவனை வெடி வச்சுக் கொன்னிருக்காங்க. இவங்களுக்காகவும் நாம பேசணுமா தோழர்?"

அன்று நாங்கள் சொன்ன பதில் அரைகுறையானது. ஏழைகள், வேறு வழியில்லாதவர்கள் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அந்தக் கேள்வியை வைத்திருந்து படித்த பிறகுதான் அதற்குள் ஒரு நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருப்பது தெரிந்தது. நரியைக் கொன்றவர்கள் நரிக்குறவர்கள் மட்டும் அல்ல. குதிரை மேல் வந்தவர்கள் கொன்றார்கள், நிலம் வைத்திருந்தவர்கள் சுட்டார்கள், பொங்கலுக்குப் பிடித்து ஓட விட்டவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் யாருடைய முறை விளையாட்டு ஆனது, யாருடையது பயிர்ப் பாதுகாப்பு ஆனது, யாருடையது பாரம்பரியம் ஆனது, யாருடையது குற்றம் ஆனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் நம் ஊர். கல்லணையிலிருந்து கிழக்கே வரும் காவிரி, திருக்காட்டுப்பள்ளி அருகே குடமுருட்டியைப் பிரித்து விடுகிறது. வடக்கே கொள்ளிடம். ஆற்றுப் படுகைகளில் நாணலும் கோரையும் முள்புதரும் மண்டிய காலத்தில் நரிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பகலில் புதரில் படுத்துக்கிடக்கும். இருட்டியதும் வயலுக்கு இறங்கும். வயல் எலி, நண்டு, செத்த மாடு, உதிர்ந்த பழம், காவல் இல்லாத கோழி என்று எது கிடைத்தாலும் தின்னும். நெல்லைத் தின்னும் எலியைத் தின்பதால் நரி விவசாயிக்கு வேண்டிய பிராணிதான். ஆனால் ஆட்டுக்குட்டியைத் தூக்கிய அன்று அந்தக் கணக்கு யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

எங்கள் மக்களுக்கு நரியோடு இருந்த பழக்கம் இடுகாட்டில் தொடங்குகிறது. எரிப்பதற்கு விறகு வாங்க முடியாதவர்கள் புதைத்தார்கள். ஆழமாகத் தோண்டாத குழியை நரி கிளறும். அதனால்தான் புதைத்த இடத்தில் கல்லைப் பரப்பி முள்ளை வெட்டிப் போடும் வழக்கம். களத்து மேட்டில் நெல்லுக்கு இராக்காவல் கிடந்ததும், ஊராருடைய ஆட்டை மேய்த்ததும் எங்கள் பாட்டன்மார்தான். நரி ஒரு குட்டியைத் தூக்கினால் ஆட்டுக்காரரிடம் திட்டும் அடியும் வாங்கியது மேய்த்த பையன் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அவன் கையில் ஒரு கம்பு இருந்தது. துப்பாக்கி மிராசுதார் வீட்டில் இருந்தது. இந்த வேறுபாட்டுக்குப் பிறகு வருகிறோம்.

அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் கூடாரம் போடுகிறவர்கள் ஒருவர் உண்டு. நாம் நரிக்குறவர் என்கிறோம், குருவிக்காரர் என்றும் சொல்வோம். அவர்கள் தங்களை வாக்ரி என்று சொல்லிக்கொள்கிறார்கள். பேசுவது வாக்ரிபோலி, அது தமிழோடு உறவுடைய மொழி அல்ல, குஜராத்தி, மராத்தி பக்கத்து மொழி. வாக்ரி என்ற பெயரே வலையைக் குறிக்கும் பழைய வடமொழிச் சொல்லோடு தொடர்புடையது என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. "நரி" என்பது மற்றவர்கள் ஒட்டியது. "குறவர்" என்ற பின்னொட்டும் அப்படித்தான். அந்தப் பெயரைத் தங்களோடு சேர்த்துக் குழப்பாதீர்கள் என்று குறவர் சமூக அமைப்புகள் பல காலமாகக் கேட்டு வருகின்றன. இரண்டு மக்களும் வேறு, மொழி வேறு, வரலாறு வேறு. போலீசுக்கு மட்டும் இரண்டும் ஒன்று.

இவர்கள் நரி பிடித்த முறை எழுத்தில் பதிவாகியிருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய தொகுப்பில் குருவிக்காரர் பற்றி ஒரு பகுதி உண்டு. வலையைச் சுற்றிக் கட்டி ஓர் அடைப்பு ஏற்படுத்துவார்கள். அதற்குள் ஒருவர் பெரிய தடியோடு உட்கார்ந்துகொள்வார். அப்படியே நரி மாதிரி ஊளையிடுவார். சத்தம் கேட்டு என்னவோ ஏதோவென்று நரிகள் ஓடி வரும், வந்ததும் அடி. ஒரு பாதிரியார் நேரில் ஊளையிடச் சொல்லிக் கேட்டாராம். எந்த நரிக்கும் சந்தேகம் வராத அளவுக்கு அது சரியாக இருந்தது என்று எழுதியிருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தேவைப்படுவது ஒரு வலை, ஒரு தடி, ஒரு தொண்டை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, நரி எந்த வரப்பில் வரும், எந்த நேரத்தில் எந்த ஊளைக்குப் பதில் கொடுக்கும் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இன்று அமெரிக்காவில் கொயோட்டே என்ற நரி இன விலங்கை வேட்டையாடுகிறவர்கள் இதே குரல் வித்தையைச் செய்ய மின்னணுக் கருவி வாங்குகிறார்கள். அங்கே அது ஒரு தொழில்நுட்பம், கடை போட்டு விற்கிறார்கள். தர்ஸ்டன் தொகுப்பிலோ அதே வித்தை ஒரு வேடிக்கையாகத்தான் பதிவாகிறது. மனிதர் நரியைப் போல் கத்துகிறார், பார்த்தீர்களா என்ற தொனி.

அதே பகுதியில் நரிக்கொம்பு பற்றியும் விரிவாக இருக்கிறது. நரிக்குக் கொம்பு கிடையாது. மண்டை ஓட்டின் பின்பகுதி எலும்பை அராவி, ஒரு முனை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும்படி செய்து, தோலை இழுத்து ஒட்டி விற்றார்கள். கையில் இருந்தால் நினைத்தது நடக்கும், வழக்கில் ஜெயிக்கும் என்று நம்பிக்கை. இலங்கையிலும் இந்த நம்பிக்கை இருந்ததை எமர்சன் டென்னென்ட் எழுதியிருக்கிறார். ஏமாற்றுத்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கூடாரத்தில் இருந்தவருக்குக் கோர்ட்டில் நில வழக்கு கிடையாது. கொம்பை வாங்கியவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். விற்றவர் மோசடிக்காரர் என்று புத்தகத்தில் ஏறினார். வாங்கியவருக்குப் பெயரே இல்லை.

இனி மலைக்குப் போவோம், ஏனென்றால் அங்கேதான் அதே நரியை வேறு விதமாக வேட்டையாடினார்கள். இங்கிலாந்துக் கனவான்களுக்கு நரி வேட்டை என்றால் சிவப்புக் கோட்டு, குதிரை, ஊதுகொம்பு, மோப்ப நாய்க் கூட்டம். நீலகிரிக்கு வந்தபோது அங்கே இங்கிலாந்து நரி இல்லை. நம் நரியை அதன் இடத்தில் வைத்துக்கொண்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே உதகைக்கு இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்கள் வந்துவிட்டன. ஊட்டி ஹண்ட் என்ற அமைப்பு உருவானது. பெஷாவரிலும் இப்படி ஒன்று இருந்தது. உதகையைச் சுற்றியுள்ள புல்வெளிகள் தோடர்கள் எருமை மேய்த்த இடம். குதிரை தடையில்லாமல் ஓட அந்தத் திறந்த வெளி வேண்டும். அந்த வெளிக்கு 1891 முதல் 1896 வரை சென்னை கவர்னராக இருந்த வென்லாக் பெயர் வைக்கப்பட்டது. இன்றும் வென்லாக் டவுன்ஸ் என்றுதான் சொல்கிறோம்.

மாதக்கணக்கில் கப்பலில் வந்த நாய்களுக்குக் கொட்டில், பராமரிக்க வேலையாட்கள், தீனி. நரியைத் துரத்தி, அது களைத்து விழுந்ததும் நாய்கள் கடித்துக் குதறும். அதைத் தின்பதில்லை. ஒரு வேளைச் சோற்றுக்கும் அது உதவாது. இதற்குப் பெயர் ஸ்போர்ட்.

இங்கிலாந்திலேயே இந்த வேட்டைக்குள் ஒரு வர்க்கச் சண்டை இருந்தது. நாய் வைத்துத் துரத்திக் கொல்வது கௌரவம். ஆனால் கோழியைப் பறிகொடுத்த குடியானவன் நரியைச் சுட்டாலோ, பொறி வைத்தாலோ, விஷம் வைத்தாலோ அது பெரிய இழுக்கு. அதைக் குறிக்க இலத்தீனில் ஒரு சொல்லே உருவாக்கி வைத்திருந்தார்கள், கிட்டத்தட்ட கொலைப் பாதகம் என்ற தொனியில். காரணம் நரி மேல் இரக்கம் அல்ல. கனவான் துரத்துவதற்கு நரி உயிரோடு மிச்சம் இருக்க வேண்டும். அந்த நாட்டில் நாய்க் கூட்டத்தை வைத்து நரியை வேட்டையாடுவதைத் தடை செய்யும் சட்டம் 2004-இல்தான் வந்தது.

இந்தப் பார்வைதான் கப்பலேறி இங்கே வந்தது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் நீலகிரி வேட்டையும் காலனியமும் பற்றி 1990-களில் எழுதிய கட்டுரையைத் தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும். வலை, கண்ணி, குழி, இவை கோழைத்தனம். துப்பாக்கியும் குதிரையும் ஆண்மை. 1877-இல் நீலகிரியில் வேட்டை விலங்குகளைக் காப்பதற்கு என்று ஒரு சங்கம் உருவானது. 1879-இல் சென்னை அரசு நீலகிரிக்கென வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் போட்டது. எந்த மாதத்தில் வேட்டை கூடாது, யாருக்கு உரிமம் என்று வரையறுத்தது. கேட்பதற்கு இயற்கைப் பாதுகாப்பு மாதிரி இருக்கும். உரிமக் கட்டணம் கட்டக்கூடியவர் யார், கட்ட முடியாதவர் யார் என்று பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். காட்டில் பிறந்தவர் கள்ள வேட்டைக்காரர் ஆனார். அதே ஆளைத்தான் துரைக்கு வழிகாட்டக் கூட்டிப்போனார்கள். அப்போது அவருக்குப் பெயர் ஷிகாரி.

சட்டங்கள் வந்த வரிசையைக் கவனியுங்கள். 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வடக்கே வருகிறது. 1878-இல் ஆயுதச் சட்டம்: துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. 1911-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வருகிறது. எந்தக் குழுவை எங்கே பட்டியலில் சேர்த்தார்கள் என்பது தனிக் கதை. ஆனால் ஊர் ஊராகச் சுற்றுகிறவர் எல்லோரும் சந்தேகத்துக்குரியவர் என்ற எண்ணம் அந்தச் சட்டத்தால் போலீஸ் மூளையில் உட்கார்ந்தது. சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுக்க 1952-இலும் சட்டம் போனது. எண்ணம் போகவில்லை.

விடுதலைக்குப் பிறகு வந்த 1959 ஆயுதச் சட்டத்தில் பிரிவு 13-ஐ எடுத்துப் படியுங்கள். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்கிற குடிமகனுக்கு உரிமம் கொடுக்க வேண்டும் என்கிறது. அதைப் படித்தபோது எங்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. பயிர் இருப்பவருக்குத்தானே பயிர்ப் பாதுகாப்பு? டெல்டாவில் நடவு நட்டது, களை பறித்தது, கதிர் அறுத்தது, இராக்காவல் கிடந்தது எல்லாம் நாம். ஆனால் பயிர் நம்முடையது அல்ல. நிலம் இல்லாதவருக்குப் பயிர் இல்லை, பயிர் இல்லாதவருக்கு அந்தத் துப்பாக்கி கேட்கக் காரணம் இல்லை. நரியைச் சுட என்று மிராசுதார் வீட்டில் ஏறிய துப்பாக்கி நரியை மட்டும் பார்க்கவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதற்கு முன் அந்தத் தெருவில் கேட்டது துப்பாக்கிச் சத்தம்.

நரிக்குறவர்களிடமும் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. சிலருக்கு உரிமமும் கிடைத்தது. ஆனால் ஊரில் எது நடந்தாலும் முதலில் தேடப்படுவது அவர்கள் கூடாரம்தான். கையில் துப்பாக்கியோடு நடக்கும் நரிக்குறவரைச் சினிமா கோமாளியாகக் காட்டியது, போலீஸ் ஆபத்தாகப் பார்த்தது. இரண்டுக்கும் இடையில் அவர் வேட்டைக்காரர் என்பது மறைந்துபோனது.

பிறகு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதில் வேட்டை என்றால் கொல்வது மட்டுமல்ல. பொறி, கண்ணி, இரை வைப்பது எல்லாம் வேட்டை. இந்தச் சட்டம் தேவை என்பதில் எங்களுக்கு மறுப்பு இல்லை. ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று: அந்தச் சட்டத்திலேயே வேட்டைக்கு உரிமம் வாங்கும் வழி 1991 திருத்தம் வரை திறந்திருந்தது. விண்ணப்பம் எழுதி, கட்டணம் கட்டி, அலுவலகத்தில் நிற்கத் தெரிந்தவருக்கு அந்த வழி. 2022 திருத்தத்துக்குப் பிறகு நம் நரி முதல் அட்டவணைக்குப் போய்விட்டது. அந்த அட்டவணை விலங்கைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை.

இப்போது ஜீயபுரத்துக்குத் திரும்புவோம். வெடி வைத்த இரையை நம் பக்கம் அவுட்டுக்காய் என்பார்கள். பன்றிக்கும் வைப்பார்கள். இதற்கு நாங்கள் வக்காலத்து வாங்க மாட்டோம். அது ஆள் பார்க்காது. மாடு கடித்தால் மாடு, நாய் கடித்தால் நாய், குழந்தை எடுத்தால் குழந்தை. செத்த விலங்கும் உடனே சாவதில்லை. வலைக்குள் உட்கார்ந்து ஊளையிட்டவர் எந்த நரியை அடிக்கிறோம் என்று பார்த்து அடித்தார். அவுட்டுக்காய் வைத்தவர் இருட்டில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். இரண்டும் ஒரே சமூகத்தின் வேட்டை என்று செய்தித்தாள் எழுதினாலும் இரண்டும் ஒரே வேட்டை அல்ல.

அப்படியானால் வலையிலிருந்து வெடிக்கு எப்படி வந்தார்கள்? எங்கள் கருத்து இது. படுகைப் புதர் அழிந்தது, மணல் போனது, நரி குறைந்தது. வலை கட்டி ஊளையிட்டு ஓர் இரவு முழுக்கக் காத்திருப்பது பகிரங்கமான வேலை. ஊர் முழுக்கக் கேட்கும். சட்டத்துக்குப் பயந்து மறைவாகச் செய்ய வேண்டும் என்று ஆனபோது, சத்தம் இல்லாமல் வைத்துவிட்டுப் போகக்கூடிய முறைதான் மிஞ்சியது. தடை வேட்டையை நிறுத்தவில்லை. நிதானமான வேட்டையை நிறுத்தியது. இதை நிரூபிக்கப் புள்ளிவிவரம் காட்ட எங்களால் முடியாது. ஆனால் துவாக்குடி பக்கம் தேவராயநேரி போன்ற குடியிருப்புகளில் பாசிமணி கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முதியவர்களோடு பேச உங்களுக்கு வாய்ப்புக் கிடைத்தால், இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

சேலம் மாவட்டம் வாழப்பாடி பக்கத்துச் சில கிராமங்களில் பொங்கலை ஒட்டி வங்காநரி ஜல்லிக்கட்டு நடக்கும். இது வேறு இனம், சிறிய நரி. ஊர் கூடிக் காட்டில் வலை விரித்து உயிரோடு பிடிப்பார்கள். கோவிலுக்குக் கொண்டுவந்து, மாலை போட்டு, ஊர்வலம் விட்டு, கயிறு கட்டி ஓட விட்டுப் பிறகு காட்டில் விடுவார்கள். நரி முகத்தில் விழித்தால் நல்லது, மழை பெய்யும் என்ற நம்பிக்கை. இதுவும் அதே சட்டப்படி குற்றம்தான். வனத்துறை எச்சரிக்கிறது, அபராதம் விதிக்கிறது, ஊர் சேர்ந்து கட்டுகிறது என்று செய்திகள் பல ஆண்டுகளில் வந்திருக்கின்றன. செய்தியின் தலைப்பில் பாரம்பரியம் என்ற சொல் தவறாமல் இருக்கும். அங்கே நரி சாவதில்லையே என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். ஆனால் வலை விரித்தது யார் என்பதைப் பொறுத்து செய்தியின் மொழி மாறுவதையும் பாருங்கள். ஒரு பக்கம் "கிராம மக்கள்", இன்னொரு பக்கம் "கும்பல்". ஊட்டி ஹண்ட்டோ இன்றும் வெலிங்டன் இராணுவப் பயிற்சிக் கல்லூரியின் பெருமைகளில் ஒன்றாக, சிவப்புக் கோட்டோடு படம் எடுத்துக்கொள்கிறது.

நமக்குள்ளும் ஒன்று பேச வேண்டும். நரிக்குறவர் தலித் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டில் வெகுகாலம் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருந்தார்கள். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோக்கூர் குழு 1965-இலேயே பரிந்துரைத்தது. மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில். 57 ஆண்டுகள். இந்த 57 ஆண்டுகளில் நம் இயக்கங்கள் எத்தனை கூட்டத்தில் அதைத் தீர்மானமாகப் போட்டன? நம் தெருவிலும் அவர்கள் வந்தால் "பிள்ளையைப் பிடிச்சுக்க" என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. மேலே இருப்பவர் நம்மிடம் காட்டிய அருவருப்பை நாம் அவர்களிடம் காட்டியிருக்கிறோம். அந்த மாணவரின் கேள்வியிலும் அதன் வாடை கொஞ்சம் இருந்தது. எங்கள் அரைகுறைப் பதிலிலும் இருந்தது.

பட்டியலில் சேர்ந்ததால் வேட்டை உரிமை வந்துவிடாது. 2006 வன உரிமைச் சட்டம் மரபு உரிமைகளை ஏற்கும்போதே வேட்டையையும் பொறி வைப்பதையும் தனியே விலக்கி வைத்திருக்கிறது. நாங்கள் அதைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. மிச்சமிருக்கும் நரி இருக்கட்டும். நாங்கள் கேட்பது வேறு. கைதானவர்களுக்கு வழக்கறிஞர் இருந்தாரா, அவர்களுக்குப் புரியும் மொழியில் குற்றச்சாட்டைச் சொன்னார்களா, வெடிமருந்தை விற்றவர் வழக்கில் இருக்கிறாரா, பற்களையும் கொம்பையும் வாங்குகிறவர் யார் என்று யாராவது விசாரித்தார்களா? அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், பகிர்வதற்கு முன் இந்த நான்கையும் கேளுங்கள்.

வரும் வாசிப்பு வட்டத்தில் ஆயுதச் சட்டம் பிரிவு 13-ஐயும் வனவிலங்குச் சட்டத்தில் வேட்டை என்பதற்கான வரையறையையும் சேர்த்து வாசிக்கிறோம். பாண்டியனின் கட்டுரையைத் தமிழில் சுருக்கிச் சொல்ல இரண்டு பேர் வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்ட தோழர் ஒருவராக இருக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் யார் என்று குழுவில் சொல்லுங்கள்.